ஒன்பது மீட்டர் பெல் வயர்

அன்று காலை கால்நடை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் இருநூறு பேர் தேறுவார்கள்; கூடத்தில் இருப்பதோ நாற்பது நாற்காலி. கம்பிவீட்டுப் பெரியவர் இருந்தார். அண்ணன் சொல்வதன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லியே ஐம்பத்தாறு வயதை எட்டிவிட்ட அவருடைய தம்பி இருந்தார். பெரியவரின் மகள் மடியில் மடிக்கணினியோடு இருந்தாள். பெரியவரின் தங்கை கணவரான செருப்புக்கடைக்காரர் காது சீழ்பிடித்த தம் கிழட்டு நாயோடு ஏழாம் எண் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் டாக்டரம்மா. வாசலோர மேசையில் கம்பவுண்டர். பிறகு கூண்டும் கையுமாகக் கிளிக்காரர், சாக்குப்பைக்குள் வாத்தை வைத்திருந்த ஓர் அம்மாள், நாயும் பூனையுமாக இன்னும் முப்பது பேர். அவ்வளவுதான். பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை.

கம்பிவீடு என்பது அந்தக் குடும்பத்துக்கு ஊர் கொடுத்த பெயர். மூன்று தலைமுறையாக மின்வேலை. பட்டம் வாங்கிய தொழில் இல்லை. ஆனால் பட்டம் வாங்கியவர்கள் போட்ட லைனில் புகை வந்தால் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். குடும்பத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று: கம்பியோடு கம்பி சேரும் இடத்தில் ஏழு சுற்று முறுக்கி, ஈயம் வைத்து, மூன்று அடுக்கு டேப் சுற்ற வேண்டும். ஆறு சுற்றுப் போட்டதற்காகப் பெரியவரின் சொந்தச் சித்தப்பா ஒருவர் இரண்டு வருஷம் வேலைக்குக் கூப்பிடப்படாமலே இருந்தார். இன்னொன்று: பிளக் பாயிண்ட் வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது. மின்சாரம் பூட்டிய அலமாரிக்குள் பிறந்து, சுவருக்குள்ளேயே நடந்து, போய்ச்சேர வேண்டிய இடத்தில் மட்டும் தலைகாட்ட வேண்டும். கண்ட இடத்தில் பிளக் தொங்குவது, பெரியவரின் கணக்கில், வேட்டி அவிழ்ந்த மாதிரி.

வேலை முடிந்ததும் அதன் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு திருகப்படும். அதில் 'கம்பிவீடு' என்று பொறித்து, கீழே வரிசை எண் இருக்கும். இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு தகடுகள். திருகிய தகட்டை யாரும் கழற்றியதில்லை. கட்டடம் இடிந்தபோதுகூடச் சுவரோடு சேர்ந்து விழுந்ததே தவிர, தகடு தகடாகக் கழன்றது கிடையாது.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது தகடு இந்தக் கூடத்துச் சுவரில், ஒரு பத்து அங்குலத் திரைக்குக் கீழே மின்னிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் உள்ளங்கையளவில் ஒரு பச்சைத் தட்டு. முழுக் கம்ப்யூட்டரும் அந்தத் தட்டுதான் என்று மகள் சொன்னபோது பெரியவர் அதைத் திருப்பிப் பார்த்து, "மிச்சத்தை எங்க வச்சிருக்கே?" என்று கேட்டிருந்தார். டாக்டரம்மா உள்ளறையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வைஃபை வழியாகத் தட்டுக்குச் செய்தி வரும். திரையில் அடுத்த எண் பளிச்சிடும். பக்கத்துச் சின்ன ஸ்பீக்கர், "டோக்கன் எண் இன்னது, உள்ளே வரவும்" என்று கூப்பிடும். எல்லாம் மகள் எழுதிய புரோகிராம். கம்பி மட்டும் அப்பாவுடையது.

அந்த முதல் நாளில் ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. திரையில் ஒன்று வந்தது, ஸ்பீக்கர் கூப்பிட்டது, கிளிக்காரர் எழுந்து போனார். கூடமே கிளியைவிட்டுத் திரையைத்தான் பார்த்தது. பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தற்செயலாக நிற்பவர்போலத் தகட்டின் அருகே நின்றார்.

இரண்டு வந்தது. வாத்து போனது.

மூன்று வரவில்லை. திரை கறுத்துப்போனது. ஒன்றரை நிமிஷம் கழித்து அதுவே கண்ணைத் திறந்தது. "டோக்கன் எண் ஒன்று, உள்ளே வரவும்."

வாசற்படி வரை போயிருந்த கிளிக்காரர் நல்ல மனுஷர். கூப்பிட்டால் போகவேண்டும் என்று திரும்பி வந்தார்.

"மறுபடியும் என்ன?" என்று உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"நீங்கதான் கூப்பிட்டீங்க."

"நான் கூப்பிடலையே."

"சரி, வந்ததுக்கு இன்னொரு தடவை பாத்துருங்க."

பத்தே நிமிஷத்தில் இதே கதை இன்னொரு முறை நடந்தது. பிறகு இன்னொரு முறை. நான்காவது முறை திரை கறுத்து, வெளுத்து, ஒன்றைக் கூப்பிட்டபோது கிளிக்காரர் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கிளிக்கு இவ்வளவு வியாதி இல்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் எண்ணை வைத்திருந்த பூனைக்காரர் எழுந்து, மூன்று என்பது கடைசி வரை வருமா அல்லது வெறும் வதந்தியா என்று கம்பவுண்டரிடம் விசாரித்தார்.

கையுறை கழற்றாமலே டாக்டரம்மா வெளியே வந்தார். குள்ளமான உருவம், மாட்டின் வாய்க்குள் கையை விட்டுப் பழகிய குரல்.

"ஐயா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா உள்ள நான் ஒரு பூனைக்கு ஊசி போடுறதா, கிளிக்கு வாசல் காட்டுறதா? ஒரு மணி வரைக்கும் பாப்பேன். இன்னொரு தடவை இது ஒண்ணுக்குத் திரும்பிப் போச்சுன்னா, திரை, பெட்டி, தகடு எல்லாத்தையும் சுவத்துலேருந்து இறக்கிருவேன். பழையபடி கம்பவுண்டர் கத்தட்டும்."

"எனக்குத் தொண்டை சரியில்லைங்க" என்றார் கம்பவுண்டர்.

தகடு என்ற சொல்லுக்குப் பிறகு பெரியவரின் காதில் எதுவும் விழவில்லை. முதுகு ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அந்தக் குடும்பத்தில் அவமானம் வந்தால் குனியமாட்டார்கள், உயர்வார்கள். அவர்களைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும்.

"தகடெல்லாம் இறங்காது டாக்டரம்மா" என்றார்.

"இறங்காது" என்றார் தம்பி.

செருப்புக்கடைக்காரர் நாயின் காதைச் சொறிந்தபடி, "மச்சான், அந்த ஸ்பீக்கரை நிறுத்திட்டு நீங்களே நின்னு கூப்பிடலாம். குரல் கம்பீரமா இருக்கும், ஒண்ணுக்குத் திரும்பியும் போகாது" என்றார்.

"மாப்பிள்ளை, நீங்க நாயைப் பாக்க வந்தீங்க. நாயைப் பாருங்க."

"நாய் என்னைப் பாத்துக்கும். நான் உங்களைப் பாக்கிறேன்."

முப்பது வருஷமாக இவர்கள் இருவரும் இப்படித்தான். தங்கையைக் கட்டிக்கொடுத்தவர் என்பதால் பெரியவர் 'வாங்க போங்க' என்பதைக் கைவிட முடியாது. கட்டிக்கொண்டவர் என்பதால் மாப்பிள்ளை வாயைக் கைவிட வேண்டியதில்லை.

மகள் இதற்குள் பெட்டியைத் திறந்திருந்தாள். முதலில் மெமரி கார்டை மாற்றிப் பார்த்தாள். கார்டு கெட்டிருந்தால் இப்படிப் பாதியில் அணைந்து எழும் என்றாள். புதுக் கார்டிலும் இரண்டாம் எண்ணைக் கூப்பிடும்போதே தட்டு செத்துப் பிழைத்தது. பிறகு வைஃபையைச் சந்தேகித்தாள். மடிக்கணினியை டாக்டரம்மாவின் அறைக்கும் திரைக்கும் நடுவே தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தாள். எல்லா இடத்திலும் சிக்னல் தாராளமாக இருந்தது. ஆனால் பொத்தானை அழுத்தி, எண் பளிச்சிட்டு, ஸ்பீக்கர் வாயைத் திறக்கும் கணத்தில் தட்டு வைஃபையிலிருந்து காணாமல் போனது. கூப்பிடும்போது மட்டும் மயக்கம், அதுவும் எல்லாத் தடவையும் இல்லை.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அணைஞ்சு எழுந்தா ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கிறது என்னோட தப்பு. கடைசி நம்பரை எங்கேயும் எழுதி வைக்கல. கிளிக்காரர் என்னை மன்னிக்கணும். அதை இப்பவே சரிபண்ணிடறேன். ஆனா ஏன் அணையுதுன்னுதான் தெரியல."

கிளிக்காரர் பெருந்தன்மையாகக் கையசைத்தார். பெரியவரோ மகளைத் திரும்பிப் பார்த்தார். கம்பிவீட்டு வரலாற்றில் 'என்னோட தப்பு' என்ற வார்த்தை பொது இடத்தில் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. அதையும் இந்தப் பெண் தண்ணீர் கேட்பதுபோலச் சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்.

அவள் அடுத்துச் செய்ததுதான் சங்கடம். தட்டையும் திரையையும் ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து கழற்றிக் கம்பவுண்டர் மேசைக்குக் கொண்டுபோனாள். தன் பையிலிருந்த இன்னோர் அடாப்டரை அவருடைய மின்விசிறிப் பிளக்கில் சொருகினாள்.

"ஃபேனைப் புடுங்கிட்டு ரொம்ப நேரம் வச்சுக்காதம்மா" என்றார் கம்பவுண்டர்.

பொத்தானைப் பத்துமுறை அழுத்தினாள். பத்து எண்ணும் வந்தன. ஒருமுறைகூடத் திரை இமைக்கவில்லை. பூனைக்காரர் தம் எண்ணைத் திரையில் பார்த்துக் கண்கலங்காத குறை. அவர் எழுந்து உள்ளே போகப் போனார். இது பரிசோதனைதான் என்று சொல்லி உட்காரவைத்தார்கள்.

பெரியவர் திரையை உற்றுப் பார்த்தார். "பாத்தியா. அங்க இருந்த மின்னல் இங்க இல்லை."

"எந்த மின்னல்?" என்றாள் மகள்.

திரையின் வலது மேல் மூலையில் காலையிலிருந்தே ஒரு மஞ்சள் மின்னல் குறி விட்டுவிட்டுத் தெரிந்தது. பெரியவர் அதை வருவோர் போவோருக்கெல்லாம் பேனா முனையால் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். வாத்துக்கார அம்மாளிடம்கூட, "எங்க லைன்ல எவ்வளவு கரண்ட் வருதுன்னு பாத்து அதுவே குறி போடுது" என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாளும் தன் வீட்டுக்கு அப்படி ஒன்று போட முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"இந்த மேஜைப் பிளக்குல கரண்ட் கம்மி. அதான் மின்னல் வரலை" என்று முடித்தார் பெரியவர்.

"மின்னல் வரலை" என்றார் தம்பி.

மகள் மடிக்கணினியை மெல்ல மூடினாள். அப்பாவைத் திட்டும்முன் அவள் எப்போதும் எதையாவது மூடுவாள். "அப்பா, காலையிலேருந்து அந்த மின்னல் இருந்துதா?"

"ஒன்பது மணிலேருந்து. வந்துகிட்டே இருக்கு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நல்ல விஷயத்தை வேற தனியாச் சொல்லணுமா?"

"அது நல்ல விஷயம் இல்லப்பா. கரண்ட் பத்தலைன்னு அது போடுற கூப்பாடு அது. பசிக்குது பசிக்குதுன்னு காலையிலேருந்து கத்தியிருக்கு. நீங்க அதை ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கீங்க."

கூடத்தில் ஒரு நாய் கொட்டாவி விட்டது.

"அப்ப அந்த அம்மா வீட்டுக்கும் ஒரு மின்னல் போட்டுக் குடுத்துருங்க மச்சான்" என்றார் செருப்புக்கடைக்காரர்.

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. "யார் போட்ட லைன்ல கரண்ட் பத்தலைன்னு சொல்றே?"

"நீங்கதான் சொல்லணும். நான் தந்த அடாப்டர்ல ஒரு மீட்டர் வயர்தானே இருந்துது. பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் போதும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனேன். அந்தத் திரைகிட்ட ஒரு பிளக்கும் காணோமே. அடாப்டர் எங்க இருக்கு?"

அடாப்டர் எங்கே இருந்தது என்றால், கூடத்தின் மறுகோடியில் பூட்டிய மீட்டர் அலமாரிக்குள் இருந்தது. சட்டப்படி. பெரியவர் அடாப்டரின் வயரை நடுவில் வெட்டி, இடையில் அழைப்புமணிக்கு இழுக்கும் மெல்லிய பெல் வயரை ஒன்பது மீட்டர் சேர்த்து, சுவருக்குள் பைப் வழியாக இழுத்துத் திரைக்குப் பின்னால் வெளியே எடுத்திருந்தார். இரண்டு முனையிலும் ஏழு சுற்று. ஈயம். மூன்று அடுக்கு டேப். மகள் மறுநாள் வந்து பார்த்தபோது சுவரிலிருந்து அழகாக ஒரு வயர் எட்டிப் பார்த்தது, அவளும் கேட்கவில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கம்பிவீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

"பெல் வயரா?" என்றாள் மகள், அப்பா சொன்னதைக் கேட்டு.

"அஞ்சு வோல்ட்டுக்கு பெல் வயர் போதாதா? அஞ்சு வோல்ட் ஒரு கரண்டா? நாக்குல வச்சாக்கூடத் தெரியாது."

"தெரியாது" என்றார் தம்பி. அவர் வைத்துப் பார்த்திருந்தார்.

பெரியவர் மல்டிமீட்டரை வரவழைத்தார். இனி வாய்ப்பேச்சு இல்லை, அளவு. சுவரிலிருந்து வரும் வயரின் முனையில், எதுவும் சொருகாமல், மீட்டரின் இரண்டு ஊசியையும் வைத்தார். ஐந்து புள்ளி ஒன்று. மீட்டரைத் தலைக்குமேல் தூக்கி, நீதிமன்றத்தில் சாட்சிப்பொருளைக் காட்டுவதுபோல இடமிருந்து வலமாகக் கூடத்துக்கே காட்டினார். முதல் வரிசை படித்தது. பின்வரிசைக்குத் தம்பி வாசித்துச் சொன்னார்.

"அங்கேருந்து கிளம்பினது அஞ்சு புள்ளி ஒண்ணு. இங்க வந்து சேர்ந்தது அஞ்சு புள்ளி ஒண்ணு. வழியில ஒரு பொட்டுகூடச் சிந்தல. இதுக்கு மேல என்ன வேணும்?"

மகள் வாயைத் திறப்பதற்குள் செருப்புக்கடைக்காரர், "மச்சான், ஒண்ணு கேக்கலாமா" என்றார்.

"வேண்டாம்."

"கடைக்கு வர்றவன் ஷூவைக் கையில வச்சு அழுத்திப் பாப்பான், மோந்து பாப்பான், வளைச்சுப் பாப்பான். பிரமாதம்னுவான். கால்ல போட்டு நாலடி நடந்தாத்தான் எங்க கடிக்குதுன்னு தெரியும். நீங்க கையில வச்சே பாக்குறீங்க. போட்டு நடக்கவிட்டுப் பாத்தீங்களா?"

பெரியவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தெரியாததால் அல்ல. கேள்வி கேட்ட முகம் பிடிக்காததால். மின்வேலையில் நாற்பத்து மூன்று வருஷம். சுமையேற்றிப் பார்க்காத லைன் லைனே இல்லை என்பதைப் பிறரிடம் ஆயிரம் முறை சொன்ன வாய் அவருடையது. இந்த ஐந்து வோல்ட்டை அவர் கரண்ட் என்றே மதிக்கவில்லை. அதனால் கரண்டுக்குச் செய்யும் மரியாதையை இதற்குச் செய்யவில்லை. அதைச் செருப்பு விற்கிறவர் சொல்லி, கேட்க வேண்டியிருந்தது.

"தட்டைக் கொண்டுவந்து மாட்டு" என்றார் மகளிடம்.

மாட்டினாள். தட்டு விழித்தது, திரை எரிந்தது. பெரியவர் அதே இடத்தில் ஊசியை வைத்தார். நான்கு புள்ளி ஆறு. மின்னல் வந்தது.

"இப்ப நம்பரைக் கூப்பிடு."

மகள் பொத்தானை அழுத்தினாள். ஸ்பீக்கர் "டோ" என்றது. நான்கு புள்ளி இரண்டு. திரை கறுத்தது.

மாப்பிள்ளை பேசவில்லை. அதுதான் பெரியவரைத் தைத்தது. அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு நாயின் தலையைத் தடவினார். கேலி செய்திருந்தால் பொறுத்திருக்கலாம். இது இரக்கம்.

"இணைப்புலதான் எங்கேயோ தளர்ந்திருக்கும்ணே" என்றார் தம்பி. தாமாக ஒரு வாக்கியம் பேசியதில் அவருக்கே வியர்த்தது.

பெரியவர் அலமாரியைத் திறந்து முதல் இணைப்பின் டேப்பைச் சின்னதாக விலக்கி, இந்தப் பக்கம் ஓர் ஊசி, அந்தப் பக்கம் ஓர் ஊசி வைத்துப் பார்த்தார். இழப்பு பூஜ்யம். திரைக்குப் பின்னால் இரண்டாவது இணைப்பு. பூஜ்யம். தம்பி பெருமூச்சு விட்டார். பெரியவர் விடவில்லை. இணைப்பு தளர்ந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். இன்னொரு முறை முறுக்கியிருக்கலாம். இணைப்பு சுத்தம். அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றுதான்.

ஒன்பது மீட்டர் போக, ஒன்பது மீட்டர் வர, பதினெட்டு மீட்டர் மெல்லிய கம்பி. இருநூற்று முப்பது வோல்ட்டில் அரை வோல்ட் போனால் கடலில் ஒரு குவளை. ஐந்தில் அரை போனால் வீட்டுத் தொட்டி காலி. தட்டு சும்மா இருக்கும்வரை அரைவயிற்றோடு காலத்தைத் தள்ளியது. எண் பளிச்சிட்டு ஸ்பீக்கரும் கூவவேண்டும் என்றதும் மயங்கி விழுந்தது. இதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

செய்ய வேண்டியதும் தெரிந்தது. அதே பைப்பில் இருநூற்று முப்பது வோல்ட்டையே கொண்டுபோகும் தடித்த மெயின் வயரை இழுத்து, திரைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்து, அதில் மகளின் அடாப்டரை மாட்டி, ஒரு மீட்டர் வயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லோர் கண்ணெதிரே ஒரு பிளக் பாயிண்ட். நாற்பது நிமிஷ வேலை. அதற்குக் கூடத்து லைனை நிறுத்த வேண்டும்.

"லைனை நிறுத்தணும்" என்றார் கம்பவுண்டரிடம்.

கம்பவுண்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். பழுதுப் பதிவேடு. அந்த மருத்துவமனையில் எதை நிறுத்தினாலும் அதில் எழுதி, வேலை செய்கிறவர் கையெழுத்துப் போடவேண்டும். இல்லாவிட்டால் குளிர்பெட்டியிலிருக்கும் மருந்து கெட்டுப்போனால் யார் தலையில் கட்டுவது என்பது அவருடைய கவலை. அவர் பேனாவைத் திறந்து நேரத்தை எழுதினார். 'திரை அடிக்கடி அணைகிறது' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் நிறுத்தினார்.

"காரணம்னு என்ன போடட்டும்?"

கட்டத்தைக் கூடமே எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா கதவோரம் வந்து நின்றார்.

"கரண்ட் ஆபீஸ்னு போடுங்க" என்றார் தம்பி தாழ்ந்த குரலில். "மேலேருந்து வர்றதே கம்மின்னு."

கம்பிவீட்டுக்கு இது புதிதல்ல. அப்பா காலத்தில் ஒரு தியேட்டரில் லைன் எரிந்தபோது காரணம் இடி என்று எழுதப்பட்டது. அன்று வானம் நீலமாக இருந்தது. சித்தப்பா காலத்தில் எலி. எலிகள் அந்தக் குடும்பத்துக்காக நிறையப் பழி சுமந்திருக்கின்றன. ஒரு வருஷம் அணில்.

"எலின்னு போடட்டுமா?" என்றார் கம்பவுண்டர், பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்த அனுபவத்தில்.

"எலியா?" என்று பூனைக்காரர் ஆர்வமாக நிமிர்ந்தார்.

பெரியவர் சுவரைப் பார்த்தார். தகட்டில் கூடத்து ஜன்னல் வளைந்து தெரிந்தது. எலி என்று எழுதினால் தகடு அங்கேயே இருக்கும். கரண்ட் ஆபீஸ் என்று எழுதினால் இன்னும் கௌரவமாகவே இருக்கும். மகள் தன் தவறைக் காலையிலேயே சொல்லி, சரியும் செய்துவிட்டாள். இப்போது அணைந்தாலும் எண் ஒன்றுக்குப் போகாது. அவளுக்கு இந்தக் கட்டத்தில் எழுத எதுவும் மிச்சமில்லை. மிச்சம் முழுவதும் அவருடையது.

"எழுதுங்க" என்றார். "வயர் மெல்லிசு. தூரம் ஜாஸ்தி."

கம்பவுண்டர் எழுதினார். "யார் போட்டதுன்னு...?"

"கம்பிவீடு போட்டது. தப்பு எங்களோடது."

குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. பின்வரிசைக்காகத் தம்பி அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்து, பாதியில் அடக்கிக்கொண்டார். அவர் அண்ணன் சொன்னதை வேண்டுமென்றே திருப்பிச் சொல்லாத முதல் சந்தர்ப்பம் அது.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பது நிமிஷம் எடுத்துக்குங்க. அதுவரைக்கும் நம்பர் யார் கூப்பிடறது?"

"எனக்குத் தொண்டை" என்று ஆரம்பித்தார் கம்பவுண்டர்.

"நான் கூப்பிடறேன்" என்று செருப்புக்கடைக்காரர் எழுந்தார். நாயைத் தம்பியிடம் கொடுத்தார். முப்பது வருஷமாகக் கடையின் கிடங்கு மாடிக்குக் குரல் கொடுத்து அளவு சொல்லிப் பழகிய தொண்டை. "நம்பர் மூணு. பூனை, சாம்பல், ஆண். சீக்கிரம் வாங்க சார், ஸ்டாக் தீர்றதுக்குள்ள." பூனைக்காரர் வரம் கிடைத்தவர்போல ஓடினார். "நம்பர் நாலு. நாய், பழுப்பு, ஒரு ஜோடி." கிளிக்காரர், கிளிக்கு இனி வேலை இல்லையென்று தெரிந்தும், வேடிக்கைக்காக உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் ஏணியில் ஏறினார். சட்டைக் கையை மடக்கி, இரண்டு இணைப்பையும் வெட்டி எடுத்தார். பெல் வயரின் ஒரு முனையில் தடித்த வயர்களைக் கட்டி, மறுமுனையைத் தம்பி நாயின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே இழுக்க, பழையதன் வாலைப் பிடித்துக்கொண்டே புதியது பைப்புக்குள் போனது. பிளக் பாயிண்ட்டைத் திரைக்கு இடது பக்கம், ஒரு சாண் தள்ளி, நீர்மட்டம் வைத்துப் பார்த்துப் பொருத்தினார். கண்ணில் படத்தான் போகிறது. கோணலாகவாவது படாமல் இருக்கட்டும். மகள் அடாப்டரைச் சொருகி, மடிக்கணினியிலிருந்து எண்ணை ஆறாக்கினாள். திரை எரிந்தது. அவள் மூலையைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மின்னல் இல்லை.

"டோக்கன் எண் ஏழு, உள்ளே வரவும்."

"அது நான்தான்" என்று செருப்புக்கடைக்காரர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு நாயை வாங்கிக்கொண்டார். பெரியவரைக் கடக்கும்போது, "மச்சான், நல்லா நிக்குது" என்றார். எதைச் சொன்னார் என்று பெரியவர் கேட்கவில்லை.

ஒரு மணி வரை திரை அணையவில்லை. பிறகு வந்தவர்களையும் சேர்த்து நாற்பத்தாறு எண்கள் வந்தன. கடைசியாக ஓர் ஆமை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தபோது பெரியவர் ஸ்க்ரூடிரைவரோடு தகட்டின் முன் நின்றிருந்தார்.

"அது இருக்கட்டும் ஐயா. இப்பதான் நல்லா ஓடுதே. ஒண்ணுக்குத் திரும்பினா இறக்குவேன்னுதான் நான் சொன்னேன்."

"நீங்க சொன்னது உங்க சட்டம் டாக்டரம்மா. இது எங்களோடது. மறுபடி கை வச்ச வேலைக்கு அன்னைக்கே தகடு கிடையாது. ஒரு வருஷம் ஓடட்டும். அப்புறம் நானே வந்து மாட்டறேன்."

அப்படி ஒரு சட்டம் குடும்பத்தில் அதுவரை இருந்ததில்லை. தம்பி அண்ணனைப் பார்த்தார், பிறகு, "ஒரு வருஷம்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அது மூன்றாவது சட்டமாயிற்று.

இரண்டு திருகும் கழன்றன. தகடு பெரியவரின் சட்டைப் பைக்குள் போனது. சுவரில் இரண்டு ஓட்டைகள் மிஞ்சின. நாயைக் காட்டிய பிறகும் போகாமலிருந்த செருப்புக்கடைக்காரர் அதைப் பார்த்து, பையிலிருந்து வெள்ளை ஷூ பாலிஷ் டப்பாவை எடுத்து, விரலால் அடைத்துத் தேய்த்துவிட்டார். சுவரின் நிறத்தோடு அது பொருந்தவில்லை.

ஊரில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது: கால்நடை மருத்துவமனையில் கம்பிவீட்டு இணைப்பு விட்டுப்போனது, அதனால்தான் திரை அணைந்தது என்று. இணைப்பு விட்டுப்போகவில்லை. அதை வெட்டினார்கள். வெட்டியவர் பெரியவர்.